நிழல் விழாத முகம்

மல்லாங்கிணற்றில் ஆயில் கலர் சீக்கிரம் காயும். சென்னைக் கடற்காற்றில் ஒரு வாரம் பிசுபிசுவென்று கிடக்கும் பூச்சு, இங்கே பங்குனி வெயிலில் மூன்றாம் நாளே விரலில் ஒட்டாது. லின்சீடு ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், தண்ணீரைப் போல ஆவியாகிப் போவதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு தானே இறுகித் தோலாகிறது. சூடும் வெளிச்சமும் வறண்ட காற்றும் இருந்தால் அந்த வேலை வேகமெடுக்கும். விருதுநகர்ப் பக்கம் இவற்றுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் சிவகாசியில் வேர்பிடித்ததற்கும் இந்த வறட்சியைத்தான் காரணம் சொல்வார்கள்.

தொல்லை என்னவென்றால் கரிசல் புழுதி. ஆடிக் காற்றில் ஜன்னலை அடைத்தாலும் எங்கிருந்தோ வந்துவிடும். ஈரமாக இருக்கும் வானத்தின்மேல் புழுதி உட்கார்ந்தால் ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதனால் ஆடி, ஆவணியில் சட்டம் அடிப்பது, கேன்வாஸை இழுத்துக் கட்டுவது, வஜ்ரப் பசை காய்ச்சிப் பூசுவது என்று அடிவேலையோடு நிறுத்திக்கொள்வேன். ஐப்பசி மழை புழுதியை அமுக்கிய பிறகுதான் மேல்பூச்சு.

ஊர்ப் பெயரைச் சொன்னால் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் ஊர்தானே என்று கேட்பார்கள். ஆமாம். ஓவியத்துக்கென்று எங்கள் ஊருக்குத் தனிப் பெயர் கிடையாது. ஆனால் சுற்றிலும் இருக்கிற ஊர்களைப் பாருங்கள். ஒருபக்கம் சிவகாசி அச்சகங்கள், இன்னொரு பக்கம் கோவில்பட்டியின் காலண்டர் ஓவியர்கள், வடக்கே மதுரை நாயக்கர் சுவர் ஓவியங்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் பிறந்தவன் ஆயில் பெயிண்டிங் செய்தால் அது ஆம்ஸ்டர்டாமில் செய்வது மாதிரி வராது. வரவும் கூடாது.

நான் தொழிலுக்கு வந்தது சிவகாசி வழியாக. பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு டிசைன் போடும் ஆர்ட்டிஸ்டுகளிடம் கிண்ணம் கழுவும் பையனாகச் சேர்ந்தேன். குருவி, குழந்தை, தாமரை, கையில் மத்தாப்பு பிடித்த சினிமா நடிகைச் சாயலில் ஒரு பெண். எல்லாம் தட்டையான கலர், சுற்றிலும் கறுப்புக் கோடு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை சிவகாசியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அதற்கு முன்னால் இந்தியச் சந்தையில் ஓடியவை சுவீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும்தான். நம் ஆட்கள் அந்த லேபிள்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகினார்கள். தட்டை நிறமும் அழுத்தமான கோடும் எங்கிருந்து வந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது. பிற்பாடு ஒரு புத்தகத்தில், வான்கோ 1887இல் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மர அச்சுப் படங்களை ஆயில் கலரில் நகலெடுத்திருப்பதைப் பார்த்தேன். மழையில் பாலத்தின்மேல் ஓடும் ஆட்கள், பூத்த பிளம் மரம். அட, இது நம்ம லேபிள் கோடு அல்லவா என்று தோன்றியது. பாரிஸ் போய்ச் சேர்ந்த அதே ஜப்பான், தீப்பெட்டிமேல் ஒட்டிக்கொண்டு சிவகாசிக்கும் வந்திருக்கிறது.

ஆயில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கோவில்பட்டி வழி வந்தவர். கோவில்பட்டி என்றால் சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணரிடம் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். ரமணர் பிறந்த திருச்சுழி எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, அதற்கும் ஓவியத்துக்கும் சம்பந்தமில்லை என்றாலும். 1976இல் ராஜு காலமாகும்வரை அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி எத்தனை வீட்டுச் சுவரில் ஏறின என்று கணக்கெடுக்க முடியாது. அந்தப் படங்களின் பின்னணியைக் கவனித்திருக்கிறீர்களா? சலவைக்கல் தூண், வளைவு மண்டபம், ஏரி, அன்னம், தூரத்தில் பனி படர்ந்த மலை. நாடகத் திரையிலிருந்து இறங்கி வந்த ஐரோப்பிய மாளிகைகள் அவை. அவற்றுக்கு முன்னால் வடிவேலோடு நிற்கிற சாமி மட்டும் நம்ம சாமி.

என் ஆசிரியர் முதலில் சொல்லிக்கொடுத்தது எண்ணெய்க் கணக்கு. அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேலே இருப்பது முதலில் காய்ந்துவிடும், அடியில் இருப்பது பிறகு காய்ந்து சுருங்கும்போது மேல்தோலைப் பிளந்துவிடும். கலருக்குக் கலர் குணமும் வேறு. ரா அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அது சீக்கிரம் காயும். ஐவரி பிளாக் ஆமை. இதையெல்லாம் அவர் ஒளிக்காமல் சொன்னார் என்பதே பெரிய விஷயம். தெற்கத்தி ஆயில் பெயிண்டிங்கின் பழைய கதை முழுக்க ஒளித்து வைத்த கதைதான். திருவிதாங்கூர் அரண்மனையில் ஆயில் கலரில் கைதேர்ந்திருந்த ராமசாமி நாயக்கர், இளம் ரவி வர்மாவுக்கு அந்த வித்தையைச் சொல்லித்தர மறுத்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் இரவில் ரகசியமாக வந்து உதவினார் என்று ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் மன்னரை வரைய வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பிடித்துக்கொண்ட ரவி வர்மா 1873இல் சென்னைக் கண்காட்சியில் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார். அதற்கும் முன்பே, மன்னர் சுவாதித் திருநாள் காலத்திலேயே, அந்த அரண்மனைக்கு அழகிரி நாயுடு என்ற ஓவியர் மதுரையிலிருந்து போயிருக்கிறார். வித்தை எங்கள் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் போய், ரவி வர்மாவின் அச்சுப் படங்களாகத் திரும்பி வந்து, கோவில்பட்டியில் காலண்டராகியிருக்கிறது.

ஆயில் கலர் மேற்கத்திய சரக்கு என்பவர்களிடம் பாமியானைச் சொல்வேன். ஆப்கானிஸ்தானின் பாமியான் பௌத்தக் குகைச் சுவர்களில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, உலரும் எண்ணெயில் குழைத்த வர்ணங்கள் இருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஐரோப்பாவில் ஆயில் கலருக்குப் பேர்போன வான் ஐக் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தையவை. வாய்ப்பேச்சுக்கு இது போதும். கேன்வாஸ் முன்னால் நிற்கும்போது இது எதற்கும் உதவாது.

உதவியது வேறு. எனக்குச் சோறு போடுவது இறந்தவர்களின் உருவப்படம். பதினாறாம் நாளுக்கோ வருஷத் திதிக்கோ படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் ஆதார் கார்டு இருக்கும், இல்லையென்றால் கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் மூன்றாம் வரிசையில் பாதித் தலை. பெரும்பாலும் ஃபிளெக்ஸ்காரர்களிடம் போய்விடுவார்கள். கொஞ்சம் வசதியும் ஆசையும் உள்ளவர்கள் என்னிடம் வருவார்கள். ரெம்பிராண்ட் படங்களைப் பார்த்து மயங்கிக் கிடந்த காலத்தில், ஒரு பெரியவரின் முகத்தைப் பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும் வைத்து எழுதினேன். நல்ல வேலை, இன்றைக்கும் சொல்வேன். வாங்க வந்த மகன் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

“அண்ணாச்சி, கைவேலை நல்லாத்தான் இருக்கு. அப்பா முகத்துல எதுக்கு இப்பிடி இருட்டு அடைஞ்சு கெடக்கு?”

நான் வெளிச்சம், நிழல், கனம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரிங்கண்ணாச்சி. விளக்கேத்திக் கும்புடுற படம். முகத்துல நெழல் விழலாமா?”

முதலில் எரிச்சல்தான் வந்தது. ரசனை கெட்ட ஜனம் என்று இரண்டு நாள் முனகிக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக் காலண்டரை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தேன். கொண்டைய ராஜு வழியில் வந்த எந்தச் சாமி முகத்திலும் ஒருபக்க நிழல் கிடையாது. வெளிச்சம் இன்ன திசையிலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. கன்னம் உருண்டிருக்கும், மூக்கு எடுப்பாக இருக்கும், ஆனால் இருட்டு இருக்காது. அவர் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், ஒளி நிழல் தெரியாதவர் இல்லை. தெரிந்தே விலக்கியிருக்கிறார். கும்பிடுகிறவனை நேருக்கு நேர் பார்க்கிற முகத்தில் மறைவு இருக்கக்கூடாது என்பது அந்தப் படங்களின் சட்டம். செத்தவர்கள் எங்கள் வீடுகளில் சாமியாகிவிடுகிறவர்கள், அவர்களுக்கும் அதே சட்டம்தான்.

அப்படியானால் நிழலே இல்லாமல் ஆயில் கலரில் முகத்தைத் திரட்டுவது எப்படி? காலண்டர்க்காரர்கள் மாதிரி ரோஸ் கலரைக் குழைத்துத் தடவினால் மெழுகு பொம்மைதான் வரும். விடை ரெம்பிராண்டிடம் இல்லை, அவருக்கு நூறு வருஷம் முந்திய ஹான்ஸ் ஹோல்பைனிடம் இருந்தது. லண்டனில் எட்டாம் ஹென்றியின் ஆட்களையெல்லாம் வரைந்து 1543இல் இறந்துபோன ஜெர்மானியர். அவர் முகங்களில் நிழல் ஏறக்குறைய கிடையாது. வெளிச்சம் முன்பக்கமிருந்து சமமாக விழும். இமையின் ஓரம், மூக்குத் துளை, இரண்டு உதடும் சேருகிற கோடு, தாடைக்கு அடியில் ஒரு நூல் அளவு இருட்டு. மற்றதெல்லாம் மயிரிழை மாற்றங்கள். கனத்தைப் பின்னணி தாங்கிக்கொள்ளும், அடர்ந்த நீலமோ பச்சையோ. ஹோல்பைனையும் கொண்டைய ராஜுவையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு நான் வேலை பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். என் படங்களில் பல நாட்டுச் சாயல் இருப்பதாக யாராவது சொன்னால் அது இப்படி வந்த சாயல். கண்காட்சிகளில் இப்போதெல்லாம் அதைக் கலப்பு என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்கள். அங்கே தொங்குவதைப் பார்த்தால், ஒரு ஓரத்தில் கோலம், ஒரு ஓரத்தில் ஆப்பிரிக்க முகமூடி, நடுவில் தங்கத் தாள். பரிமாறாமல் இலையில் கொட்டிய கூட்டு. ரெம்பிராண்ட்கூட முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து ஆசியக் காகிதத்தில் நகல் எடுத்துக்கொண்டவர்தான். ஆனால் தன் பெரிய படங்களின் மூலையில் ஷாஜகானைக் கொண்டுபோய் ஒட்டவில்லை.

நிழலுக்கு அடுத்த பஞ்சாயத்து நிறம். “அம்மா இவ்வளவு கறுப்பு இல்லீங்க” என்று சொல்லாத குடும்பம் குறைவு. போட்டோவில் இருப்பதைக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜா ஆயிலில் எழுதிய கிராமத்துப் பெண்கள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்த பிறகு எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் சுலபமாயிற்று. மாநிறமும் கறுப்பும் எத்தனை அழகு என்று ஜனங்களுக்கு அவர் படத்தாலேயே காட்டினார். 2021 ஜூனில், 42 வயதில், கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. பெரிய இழப்பு.

நம் தோலை எழுதும் முறை ஐரோப்பியப் புத்தகத்தில் இல்லை. அவர்கள் வெளுத்த தோலுக்குப் பச்சை மண்ணை அடியில் பூசி மேலே ரோஸ் போடுவார்கள். அதை நம் முகத்துக்குச் செய்தால் காமாலை கண்ட மாதிரி இருக்கும். கறுப்புத் தோலை வெளுக்க வெள்ளையைக் கலந்தால் இன்னும் மோசம், சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். நான் செய்வது இது: அடியில் பர்ன்ட் சியன்னாவை மெல்லிசாக, தரை தெரியும்படி விடுகிறேன். காய்ந்த பிறகு அல்ட்ராமரினும் அலிசரினும் கலந்த இருட்டை எண்ணெயில் கரைத்துக் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. அதுவும் காய்ந்தபின், கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் வெள்ளை கொஞ்சம் கலந்த பூச்சை உலர்ந்த பிரஷ்ஷால் உரசி விடுகிறேன். இருட்டுக்குமேல் மெல்லிய வெளிர் பூச்சு போனால் நீலமாகத் தெரியும். ஒரு பொட்டு நீலம் கலக்க வேண்டியதில்லை, கண்ணே அப்படிப் பார்க்கும். வயல்வெளியில் நிற்கிற பெண்ணின் வியர்த்த தோளில் வானம் தெரிவது இப்படித்தான்.

காதில் பாம்படம் போட்ட பாட்டி ஒருவரை உயிரோடு உட்காரவைத்து எழுதும் பாக்கியம் கிடைத்தது. நகை என்றால் தஞ்சாவூர்க்காரர் தங்கத் தாள் ஒட்டுவார், காலண்டர்க்காரர் மஞ்சளில் ஆரஞ்சுக் கரை போட்டு வெள்ளைப் புள்ளி வைப்பார். உண்மையில் பாம்படத்தில் மஞ்சள் ரொம்பக் கொஞ்சம். பெரும்பகுதி மந்தமான பழுப்புப் பச்சை, தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் பக்கம் செம்பழுப்பு. ஒரே இடத்தில் மட்டும், ஜன்னலைப் பார்த்திருக்கும் மூலையில், கெட்டியான வெளிர் மஞ்சள் ஒரு குத்து. டச்சுக்காரர்கள் வெண்கலப் பாத்திரத்தை எழுதுகிற முறை அது. அதோடு தொங்கிய காதுமடலின் விளிம்பில் செங்காவியால் ஒரு கோடு விட்டேன். சுவர் ஓவியக்காரர்கள் உருவத்தைச் சுற்றி இழுக்கும் கோடு. ஆயில் பள்ளிக்கூடங்களில் விளிம்பைக் கரைக்கச் சொல்வார்கள், நான் அங்கே கரைக்கவில்லை. அந்தக் கோடு இருந்தால்தான் கறுத்த தோலும் இருண்ட தங்கமும் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கும்.

“ஏய்யா, காதையே எழுதிக்கிட்டு இருக்கியே, கண்ணு எனக்கு உண்டா இல்லையா?” என்றார் பாட்டி.

“கண்ணு கடைசியிலதான் அப்பத்தா, சாமிக்குத் திறக்கிற மாதிரி.”

அதற்குப் பிறகு அவர் அசையவே இல்லை.

துணிக்குப் பதில் பலகையில் எழுதும்போது அடித்தரைக்குச் சுக்கான் பயன்படுத்துகிறேன். தஞ்சாவூர்ப் படத்தில் மேடு எழுப்பச் சுக்கான் மாவைப் பசையில் குழைப்பார்களே, அது. நான் வஜ்ரத்தில் குழைத்து, பலமுறை மெல்லிசாகப் பூசி, உப்புத்தாளில் தேய்த்து முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்குகிறேன். வட ஐரோப்பியர்கள் பலகைக்குப் பூசிய கெஸோ என்பதும் சுண்ணாம்புக் கல் மாவும் விலங்குப் பசையும்தான். தஞ்சாவூர் மரப்பலகையும் ஃபிளாண்டர்ஸ் மரப்பலகையும் அடியில் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் துணியில் இதைப் பூசக்கூடாது, துணி அசைந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

இந்த மண்ணில் இருந்துகொண்டு வாணவேடிக்கையை எழுதாமல் இருக்க முடியாது. ஓவியர் விஸ்லர் 1870களிலேயே லண்டன் பூங்கா ஒன்றில் இரவில் விழும் ராக்கெட்டை ஆயிலில் எழுதினார். விமர்சகர் ரஸ்கின் அதைக் கேவலமாக எழுத, விஸ்லர் 1878இல் மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயித்து, நஷ்டஈடாக ஒரு ஃபார்திங் காசு வாங்கினார். வழக்குச் செலவில் மறுவருஷம் திவாலானார். எங்கள் ஊர்க்காரர் யாராவது அந்த வழக்கில் நடுவராக இருந்திருந்தால் விஸ்லருக்கு நியாயம் கிடைத்திருக்கும். வெடி விழுகிற வானம் அப்படித்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சிவப்புப் பொறி நடுவில் சிவப்பாக இருப்பதில்லை. நடு வெள்ளை, ஓரம்தான் சிவப்பு. அதனால் முதலில் கெட்டி வெள்ளையைக் கத்தியால் குத்தி வைத்து, நன்றாகக் காயவிட்டு, மேலே அலிசரின் பூச்சைத் தடவித் துணியால் துடைக்கிறேன். மேடு வெள்ளையாகவே மிஞ்சும், பள்ளத்தில் சிவப்பு தங்கும். புகைக்குத் தோலில் செய்த அதே உரசல்தான். பாட்டியின் நெற்றிக்கு நீலம் தந்த பூச்சு, இங்கே சிவகாசி வானத்துக்குப் புகை தருகிறது. இன்னொரு வேடிக்கை: வானத்தில் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பாக எரியும், பேரியம் பச்சையாக எரியும். இந்த இரண்டு உலோகத்தின் குரோமேட்டும் பழைய வர்ணப் பெட்டியில் எலுமிச்சை மஞ்சள். மலிவு டியூப்களில் கலரைப் பெருக்கக் கலக்கும் வெள்ளை மாவும் பேரியம் சல்பேட்தான்.

பட்டாசுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் ஆயில் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்: லின்சீடு துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. இறுகும்போது எண்ணெய் சூட்டைக் கக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். நான் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன். இதை முதன்முதலில் விளக்கியபோது என் மனைவி, “ஏங்க, வெடிமருந்து வேலை வேணாம்னுதானே உங்களுக்குக் கட்டிக்கொடுத்தாங்க?” என்று கேட்டாள்.

வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். நான் பூசும் வார்னிஷ் டாமர். டாமர் என்பது நம் குங்கிலிய இனத்து மரப்பிசின், அதை டர்பன்டைனில் கரைத்துப் பூசுவது. ஆனால் பதினாறாம் நாள் ஆறு மாதம் பொறுக்குமா? படத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வீட்டுக்கே போய்ப் பூசிவிட்டு வருவேன். அப்படிப் போகும்போதுதான் என் படங்கள் என்ன ஆகின்றன என்று தெரியும். ஆயில் படத்துக்குக் கண்ணாடி போடுவதில்லை என்பதால், மாலை போட்டுச் சந்தனத்தைக் குழைத்து நேராக நெற்றியிலேயே வைத்து, அதன்மேல் குங்குமம் அப்பியிருப்பார்கள். நான் உரசி உரசிக் கொண்டுவந்த நீல வெளிச்சத்தின் மேலேயே. முதலில் கண்ணாடி போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், ட்யூப்லைட் அதில் பளபளக்கிறது, அப்பா முகம் தெரியவில்லை என்றார்கள். வைக்காதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள், நானே என் அம்மா படத்துக்கு வைக்கிறேன். இப்போது வார்னிஷ் பூசப் போனால் நெற்றிக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாகக் கொடுத்துவிடுகிறேன். காய்ந்த சந்தனத்தை லேசான ஈரத்துணியால் எடுக்கலாம், தேய்க்க வேண்டாம், விளக்கெண்ணெய் படக்கூடாது என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டத்தின் பின்பக்கம் ஒட்டிவிட்டு வருகிறேன்.